சிவப்பு விளக்கின் சாட்சியம்

பழவேற்காட்டு ஏரியின் மேல் பொழுது சாயும் வேளையில், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் நிற்போர் கண்ணில் முதலில் படுவது கலங்கரை விளக்கத்தின் ஒளியே ஆகும். 1859-ஆம் ஆண்டில் இக்கரையில் முதன்முதலாக ஏற்றப்பட்ட விளக்கு அது. கோபுரமும் விளக்கும் காலத்துக்கேற்ப மாறியிருக்கலாம். அதன் அருகே வாழும் மீனவர் ஊரோ இன்றும் லைட் ஹவுஸ் குப்பம் என்றே வழங்கி வருகிறது. இரவில் வலை வீசித் திரும்பும் மீனவனுக்கு அவ்வொளி ஒரு செய்தி சொல்கிறது: "கரை இங்கே இருக்கிறது." அவ்வளவுதான். முகத்துவாரம் மணலால் தூர்ந்து கிடக்கிறதா, படகு உள்ளே நுழையுமா, நாளை கடல் அடங்கியிருக்குமா என்பவற்றை அது சொல்வதில்லை. அவற்றை அறிய மீனவன் நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்க்கிறான். விளக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதே அவனுடைய கடலறிவின் ஒரு பகுதி எனலாம்.

இதே பாடத்தை மிகச் சிறிய ஒரு விளக்கு நமக்கு மற்றொரு முறை கற்பித்தது. பழவேற்காட்டுப் பகுதியின் குப்பம் ஒன்றில் திருவிழா. மாலை நிகழ்ச்சிக்கு மேடை அமைத்திருந்தார்கள். பாடகர் குழுவின் கிதாருக்காகப் பட்டணத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த பழைய ஒலிபெருக்கி ஒன்று மேடையின் ஓரத்தில் இருந்தது. டிரான்சிஸ்டர்கள் பரவுவதற்கு முந்தைய காலத்து வால்வுப் பெட்டி அது. அதன் முகப்பில் மாதுளை முத்துப் போன்ற ஒரு சிவப்புக் கண்ணாடிக் குமிழ். பெட்டி இயங்கும்போது அதனுள் ஒரு சிறு பல்பு எரிய வேண்டும். அன்று அது எரியவில்லை. மைக் செட்டுக்காரருக்கு உதவியாக வந்திருந்த சிறுவன் பின்பக்கத்துப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டான்.

"அண்ணே, லைட்டு எரியல. கரண்டே வரல!"

"கைய எடுடா! பல்பு போனா கரண்டு போச்சுன்னு எவன் சொன்னான் உனக்கு?"

பெரியவர் அவன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். சற்றுப் பொறுத்து, மீட்டரை வைத்துப் பார்த்தார். உள்ளே அப்போதும் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருந்தது. சிறுவனின் முகம் வெளிறியதை நாம் கண்டோம். எரியாத விளக்கை அவன் "இல்லை" என்று வாசித்துவிட்டான். விளக்கோ அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சிறு சிவப்பு விளக்கு எங்கிருந்து வந்தது? அது உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது? இதைச் சற்று வரலாற்று வழியே காண்போம்.

விளக்கு பெற்றெடுத்த வால்வு

வால்வு என்னும் கருவியே விளக்கின் பிள்ளைதான். தாமஸ் ஆல்வா எடிசன் 1880-களில் தம் மின்விளக்கை ஆராய்ந்தபோது, காய்ந்து ஒளிரும் இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி மின்சாரம் பாய்வதைக் கவனித்தார். அதன் பயனை அவர் முழுமையாக உணரவில்லை. 1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் அந்த விளைவைக் கொண்டு மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் குழாயை உருவாக்கினார். ஒருவழிக் கதவு போன்றதால் அதற்கு வால்வு என்று பெயர் அமைந்தது. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இடையில் ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். சிறிய ஒலியைப் பெரிதாக்கும் வித்தை அங்குதான் பிறந்தது.

தொடக்கக் கால வானொலிப் பெட்டிகளில் தனியே அறிவிப்பு விளக்கு தேவைப்படவில்லை. வால்வுகளே பளிச்சென்று எரிந்தன. பெட்டியின் மேலேயே வெளிப்படையாக நின்றன. சென்னையில் 1924-ஆம் ஆண்டு வானொலிக் கழகம் அமைந்து ஒலிபரப்பைத் தொடங்கிய காலம் அது. 1930-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் வானொலிப் பெட்டியின் தோற்றமும் மாறிவிட்டது. வால்வுகள் மரப்பெட்டிக்குள் மறைந்தன. இழைகளின் ஒளியும் மங்கிற்று. உள்ளே உயிர் இருக்கிறதா என்று வெளியே நிற்பவர் அறிய முடியாமற்போயிற்று. அதற்காகவே அலைவரிசைத் தட்டின் பின்னால் ஒரு சிறு பல்பை வைத்தார்கள். 1935-ஆம் ஆண்டில் "மேஜிக் ஐ" என்னும் பச்சைக் கண்ணும் வந்தது. நிலையம் சரியாகப் பிடிபட்டதும் அக்கண்ணின் நிழல் சுருங்கும். முன் தலைமுறையினர் பலர் அதன் முன்னே அமர்ந்து செய்தி கேட்டவர்கள்தாம்.

வால்வுப் பெட்டி உடனே பேசாது. இழை சூடேற அரை நிமிடம் போல ஆகும். அந்த அரை நிமிடத்தில், "பொறுங்கள், வருகிறேன்" என்று சொன்னது அந்தச் சிறு பல்பு மட்டுமே.

மின்கம்பம் எட்டாத ஊர்களிலோ நிலைமை வேறு. அங்கே வானொலியும் ஒலிபெருக்கியும் பேட்டரியை நம்பின. ஒரு வாட்டுக்கும் குறைவாகத் தின்னும் சிறு பல்பும் அங்கே ஆடம்பரம். ஆகவே சில பேட்டரி வானொலிகளில் பொத்தானை அழுத்தும் நேரம் மட்டும் விளக்கு எரியும்படி செய்தார்கள். விளக்கில்லாத பெட்டியை மூட மறந்து, மறுநாள் பேட்டரி இறந்து கிடப்பதைக் கண்டவர்களும் உண்டு. வால்வுகளின் இழைக்குரிய 6.3 வோல்ட் என்னும் விசித்திரக் கணக்கும் பேட்டரியிலிருந்து வந்ததே. ஈய அமிலப் பேட்டரியின் ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட்; மூன்று அறை சேர்ந்தால் 6.3. காரில் வானொலி வைக்கத் தொடங்கிய 1930-களில் வந்த இந்த அளவே, பின்னர் வீட்டுப் பெட்டிகளுக்கும் மேடைப் பெட்டிகளுக்கும் நிலைத்த அளவாயிற்று.

மேடைக்கு வந்த கிதார்

கலிபோர்னியாவில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றை 1938-ஆம் ஆண்டில் தொடங்கியவர் லியோ ஃபெண்டர். அவர் கிதார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் பழுதான பெட்டிகள் எங்கே பழுதாகின்றன என்பதை நன்கு அறிந்தவர். 1946-ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே இசைக்கருவி நிறுவனம் கண்டார். வானொலிப் பெட்டியின் அதே வால்வுகள், அதே 6.3 வோல்ட் இழைச்சுற்று, அதே சிறு பல்பு ஆகியவற்றைக் கொண்டு கிதாருக்குரிய ஒலிபெருக்கிகளைச் செய்தார். வானொலிக்காரரின் பழக்கம் அப்படியே மேடைக்கு வந்தது. தட்டின் பின்னால் இருந்த பல்பு இப்போது முகப்பில், பட்டை தீட்டிய சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்தது.

1950-களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் பெட்டியில் இரண்டு சுவிட்சுகளைக் காணலாம். ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று "ஸ்டாண்ட்பை" எனப்படும் காத்திருப்பு நிலைக்கு. லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய கூட்டாளிகளும் 1962-ஆம் ஆண்டில் தங்கள் முதல் பெட்டியைச் செய்தபோது, இந்தப் பேஸ்மேனையே மாதிரியாகக் கொண்டார்கள். அவ்வாறு இரண்டு சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்கும் உலகெங்கும் பரவின.

நம் ஆலயங்களின் கதையும் இதே காலத்தில் திரும்புகிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள்மொழி வழிபாட்டுக்குள் வந்தது. ஆர்மோனியத்தின் பக்கத்தில் நாளடைவில் கிதாரும் வந்து நின்றது. கிதார் வந்தால் அதற்கொரு பெட்டியும் வரவேண்டுமன்றோ? வெளிநாட்டுப் பெட்டியாக இருப்பின் அதன் மின்னழுத்தம் நம்முடையதாக இராது. அமெரிக்கப் பெட்டிக்கு 120 வோல்ட். நம் வீடுகளில் 230. இடையில் ஒரு மாற்றி தேவை. இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டவர்கள் பொறியியல் கல்லூரிக்குச் சென்றவர்கள் அல்லர். வானொலிக் கடைகளில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தவர்கள்.

எந்தக் கம்பியின் சாட்சி?

இப்போது பெட்டியின் உள்ளே செல்வோம். பழைய கிதார் ஒலிபெருக்கியின் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து மூன்று வகை மின்சாரம் புறப்படுகிறது எனக் கொள்ளலாம். வால்வு இழைகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஒன்று. ஒலியைப் பெரிதாக்கும் உயர் அழுத்தம், அதாவது முந்நூறு முதல் ஐந்நூறு வோல்ட் வரை, மற்றொன்று. பல பெட்டிகளில் நேர்மின்னாக்கும் வால்வுக்கென 5 வோல்ட் இன்னொன்று. சிவப்பு விளக்கு இவற்றுள் முதலாவதோடுதான் பெரும்பாலும் கட்டப்படுகிறது. 6.3 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் வாங்கும் குட்டி பல்பு. கணக்குப் போட்டால் ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 0.25 ஆம்பியர் வாங்கும் வகையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பல்பு மாற்றுவோர் மறக்கலாகாது.

இந்த இணைப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பல்பு வால்வு இழைகளோடு பக்க இணைப்பில் நிற்கிறது. வீட்டில் ஓர் அறையின் பல்பு போனால் மற்ற அறை இருளாவதில்லை. அதுபோலவே சிவப்பு பல்பு அறுந்தாலும் வால்வுகள் எரிந்துகொண்டுதான் இருக்கும். திருவிழாவில் அந்தச் சிறுவன் அறியாதது இதுவே. இரண்டாவது, பல்பின் பிடியில் உள்ள உலோகம் பெட்டியின் உலோகத்தைத் தொடக்கூடாது. இழைச்சுற்றின் நடுப்புள்ளியைப் பெட்டியோடு இணைத்து இரைச்சலைக் குறைப்பது வழக்கம். நடுப்புள்ளி இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் 100 ஓம் மின்தடைகள் இரண்டை வைத்து ஒரு நடுப்புள்ளியைச் செய்துகொள்வார்கள். ஃபெண்டர் பெட்டிகள் பலவற்றில் இவ்விரு மின்தடைகளும் சிவப்பு விளக்கின் பிடியிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே பிடியின் ஒரு முனை பெட்டியைத் தொட்டுவிட்டால் சமநிலை குலைந்து இரைச்சல் எழும். டிரான்ஸ்ஃபார்மரிலேயே நடுப்புள்ளி இருக்குமாயின் பாதிச் சுற்று குறுக்கே இணைந்து சூடேறும். ஒரு பல்பை மாற்றப்போய் டிரான்ஸ்ஃபார்மரைக் கருக்கிய கதைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

ஆக, இந்த விளக்கு சொல்வது என்ன? "இழைச்சுற்றுக்கு மின்சாரம் வந்திருக்கிறது" என்பது மட்டுமே. உயர் அழுத்தத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வேறு சில பெட்டிகளில், குறிப்பாக பிற்கால ஆங்கிலப் பெட்டிகளில், பல்புக்குப் பதிலாக நியான் விளக்கு அமைந்தது. நம் வீடுகளில் உள்ள டெஸ்டரின் கைப்பிடிக்குள் மினுக்குவதும் அதே நியான்தான். அறுபது, எழுபது வோல்ட்டுக்கு மேல் சென்றால்தான் அது எரியத் தொடங்கும்; மிகச் சிறிய மின்னோட்டமே அதற்குப் போதும். 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் அது அழிந்துவிடும் என்பதால், ஒரு லட்சம் ஓமுக்கு மேற்பட்ட மின்தடை ஒன்றை வழியில் வைப்பார்கள். இந்த நியான் வீட்டு மின்சாரத்துக்குச் சாட்சி. அதை ஃபியூசுக்கு முன்னால் இணைத்தால், ஃபியூஸ் போன பின்னும் எரியும். பின்னால் இணைத்தால் ஃபியூசோடு சேர்ந்து அணையும். அதே விளக்கு, அதே நிறம். ஆனால் அரை அங்குலம் இடம் மாறியதும் அதன் சாட்சியம் மாறிவிடுகிறது.

இன்று பலர் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். அது பல்பைப் போல எத்திசை மின்சாரத்தையும் ஏற்பதில்லை. 6.3 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 8.9 வோல்ட், எதிர்த்திசையில் ஐந்து வோல்ட்டே தாங்கும் எல்.இ.டி.க்கு அது மிகை. ஆகவே சில நூறு ஓம் மின்தடையும், எதிர்த்திசை அழுத்தத்தைத் தடுக்க ஒரு டயோடும் சேர்க்க வேண்டும். புதிய விளக்கு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதுவும் தான் கட்டப்பட்ட கம்பிக்கு மட்டுமே பேசும்.

காத்திருப்பின் விளக்கு

காத்திருப்பு சுவிட்சு இழைகளை எரியவிட்டு உயர் அழுத்தத்தை மட்டும் துண்டிக்கிறது. பாடகர் இடைவேளைக்குச் செல்லும்போது பெட்டியை மௌனமாக்கலாம். திரும்பி வந்ததும் சூடேறக் காத்திராமல் வாசிக்கலாம். வால்வின் ஆயுளைக் காக்கவே இது வந்தது என்பார் பலர். இந்த வகைச் சிறு வால்வுகளுக்கு அத்தகைய ஆபத்து மிகக் குறைவு. மாறாக, பல மணி நேரம் காத்திருப்பிலேயே வைத்தால் வால்வின் உட்பகுதி மெல்லக் கெடுகிறது. எரிந்துகொண்டே ஒன்றும் செய்யாதிருப்பது வால்வுக்கும் நல்லதன்று போலும்!

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. காத்திருப்பு நிலையிலும் சிவப்பு விளக்கு எரிகிறது. இயங்கும் நிலையிலும் அதே விளக்கு எரிகிறது. இரண்டையும் பிரித்தறிய என்ன வழி? சிலர் இரண்டாவது விளக்கு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்கும் வழிகள் இரண்டு.

முதல் வழி எளிது, பாதுகாப்பானதும் ஆகும். காத்திருப்பு சுவிட்சை இரட்டைச் சுவிட்சாக மாற்றி, ஒரு பக்கத்தை உயர் அழுத்தத்துக்கும் மறுபக்கத்தை 6.3 வோல்ட் பல்பு ஒன்றுக்கும் விடலாம். நெம்புகோலை மேலே தள்ளினால் இரண்டும் சேர்ந்து இணையும், விளக்கும் எரியும். ஆனால் அன்பர்களே, இந்த விளக்கு எதற்குச் சாட்சி? உயர் அழுத்தத்துக்கு அன்று. நெம்புகோலின் நிலைக்கே சாட்சி. நேர்மின்னாக்கி வால்வு செத்துப்போயிருந்தாலும் விளக்கு எரியும். நெம்புகோலைக் கீழே இறக்கியதும் அணையும், மின்தேக்கிகளில் உயர் அழுத்தம் நிறைந்திருந்தாலும்கூட.

இரண்டாம் வழி கடினமானது. சுவிட்சுக்கு அப்பால் உள்ள உயர் அழுத்தக் கம்பியிலேயே ஒரு நியானை இணைக்கலாம். 400 வோல்ட் என்றால் ஏறத்தாழ ஏழு லட்சம் ஓம் மின்தடை வழியில் வேண்டும். ஒற்றை மின்தடை அத்தனை அழுத்தத்தையும் தாங்க வேண்டாமென்று அதை இரண்டாகப் பிரித்துத் தொடராக வைப்பது நல்லது. முகப்புவரை உயர் அழுத்தம் வருவதால் காப்புறையில் கவனம் தேவை. ஆனால் இந்த விளக்கு உண்மையைச் சொல்கிறது. மாறுமின்சாரத்தில் நியானின் இரு முனைகளும் ஒளிரும். நேர்மின்சாரத்தில் ஒரு முனை மட்டுமே ஒளிரும். கூர்ந்து பார்ப்பவர் அதைக்கூட வாசித்துவிடலாம்.

இந்த உண்மைக்கும் எல்லை உண்டு. அழுத்தம் ஏறக்குறைய அறுபது வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் நியான் அணைந்துவிடும். ஐம்பது வோல்ட் அங்கே இருக்கலாம். விளக்கு வாய் திறவாது.

அணைந்த பின்னும்

கண்டென்சர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் மின்தேக்கி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரம். பெட்டியை நிறுத்தியதும் சிவப்பு விளக்கு உடனே அணைகிறது. மின்தேக்கியோ காலியாகிவிடுவதில்லை. சாதாரணமாக வால்வுகளே மிச்சத்தைக் குடித்துவிடும். ஆனால் காத்திருப்பு சுவிட்சைத் துண்டித்த நிலையில் பெட்டியை நிறுத்தினால், சில வகைப் பெட்டிகளில் அந்த வழி அடைபட்டு, முதல் மின்தேக்கி நெடுநேரம் நிறைந்தே நிற்கும். இதைத் தவிர்க்க, மின்தேக்கிக்குக் குறுக்கே நிலையாக ஒரு மின்தடையை இணைப்பார்கள். 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 220 ஆயிரம் ஓம் இணைத்தால், 400 வோல்ட் ஒரு நிமிடத்தில் இரண்டு வோல்ட் அளவுக்கு வடிந்துவிடும். அப்படியொரு மின்தடை இருக்கிறதா, அறுந்துவிட்டதா என்பதை விளக்கு சொல்லாது; மீட்டரே சொல்லும்.

கடற்கரை ஊர்களில் இந்த ஆபத்து பெரிது. உப்புக் காற்று பல்புப் பிடியின் பித்தளையை அரிக்கிறது. பல்பு நன்றாக இருந்தும் தொடர்பு விட்டுவிடுகிறது. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் மின்சாரத்துக்கு நல்ல பாதை. அறுபதுகளின் பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டே கம்பிகள், தரையிணைப்பு இல்லை. அதன் உலோகமே மின்னேறியிருக்கலாம். கிதாரின் கம்பியைத் தொட்டபடியே மைக்கில் உதட்டை வைத்தவர் உதறப்பட்ட நிகழ்ச்சிகள் மேடைக்காரர்களுக்குத் தெரியும். அப்போதும் சிவப்பு விளக்கு எப்போதும்போல் அழகாகவே எரிந்துகொண்டிருக்கும். தரையிணைப்பு இருக்கிறதா என்று அதனிடம் எவரும் கேட்கவுமில்லை. கேட்டாலும் அது அந்தக் கம்பியில் கட்டப்படவில்லை.

ஆகவே பழைய மெக்கானிக்குகள் மற்றொரு விளக்கை நம்பினார்கள். நெடுநாள் கிடந்த பெட்டியை முதன்முறை போடும்போது, அறுபது அல்லது நூறு வாட் பல்பு ஒன்றை வழியிலேயே தொடராக இணைப்பார்கள். அதற்குச் சீரியல் பல்பு என்று பெயர். போட்டவுடன் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நலம். முழு ஒளியில் எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஏதோ குறுக்கிணைந்திருக்கிறது. இங்கே ஒளி நிறைந்தால் ஆபத்து, மங்கினால் ஆறுதல்! பக்கத்தில் நிற்கும் விளக்கு அழுத்தம் இருக்கிறது என்று சொல்கிறது. வழியில் நிற்கும் விளக்கு எவ்வளவு ஓடுகிறது என்று சொல்கிறது. விளக்கின் மொழியை அறிய, ஒளியைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

கரையின் விளக்குகள்

பெட்டியின் கதை இத்துடன் முடிந்தாலும், இந்தக் கரையில் நின்று எழுதும் நம்மால் மற்றொன்றை நினையாதிருக்க இயலவில்லை. நம் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது நாமறிந்ததே. பகலில் கூண்டுகள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். நாடெங்கும் ஒரே சீரான எச்சரிக்கை முறை 1898-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. துறைமுகங்களுக்கு இன்று பதினொரு எண்கள் உள்ளன. கூண்டைக் கண்ணால் காண முடியாத பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு அந்த எண் வானொலி வழியே வந்து சேர்ந்தது. சிறு பல்பு எரியும் பெட்டியின் முன் அமர்ந்து, நாளை கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்த இரவுகள் இவ்வூர்களுக்குப் பல. இதுவும் ஒரு காத்திருப்பு விளக்கே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் அருகே கடலடியில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. பழவேற்காட்டுக் குப்பங்களும் தப்பவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தக் கூண்டும் ஏறவில்லை. எந்த விளக்கும் எரியவில்லை. வானம் தெளிந்திருந்தது. விளக்குகள் பொய் சொல்லவில்லை. அவை புயலின் கம்பியில் கட்டப்பட்டவை, நிலநடுக்கத்தின் கம்பியில் அல்ல. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் இயங்கத் தொடங்கியது. அதுவரை எரியாதிருந்த விளக்கை நாம் எல்லாரும் "ஆபத்து இல்லை" என்றே வாசித்திருந்தோம். திருவிழாச் சிறுவன் செய்த பிழையை ஒரு நாடே செய்திருந்தது.

நம் ஆலயங்களிலும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. நற்கருணைப் பேழையின் அருகே அணையாது எரியும் விளக்கு அது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 940-ஆம் எண்ணில் அதன் பணியைக் கூறுகிறது: ஆண்டவரின் பிரசன்னத்தைச் சுட்டுவதும் போற்றுவதும். சுட்டும் விளக்கு என்பதால் அதற்கும் கடமை உண்டு. பெரிய வியாழன் இரவில் பேழை வெறுமையாகும்போது அவ்விளக்கை அணைத்துவிடுகிறோம். வெற்றுப் பேழையின் முன் எரியும் விளக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அது பொய்ச்சாட்சி. அங்கே கம்பி கிடையாது. விளக்கையும் உண்மையையும் இணைப்பது உபதேசியாரின் கையே. அவர் மறந்தால் விளக்கு தானாகத் திருந்தாது.

அன்றைய திருவிழாவில் மைக் செட்டுக்காரர் என்ன செய்தார் என்பதைச் சொல்லி முடிப்போம். மின்தேக்கியில் இருந்த மிச்சத்தை ஒரு மின்தடை வழியே வடித்தார். மீட்டர் சுழியைக் காட்டும்வரை காத்திருந்தார். பல்புப் பிடியைக் கழற்றி, உப்புப் பூத்திருந்த பித்தளையை மணல்தாள் கொண்டு தேய்த்தார். பல்பு போகவில்லை; பிடியில்தான் குற்றம். மீண்டும் பொருத்தி, பிளக்கைச் செருகினார். மாதுளை முத்து எரிந்தது. சிறுவன் மகிழ்ச்சியோடு கைதட்டினான்.

"எரியுதுண்ணே! இனிமே பயமில்ல."

"எரியட்டும் தம்பி. நீ மீட்டரையும் வெச்சுப் பாரு."

அவன் மீட்டரை எடுத்தான். மேடையில் கிதாருக்கு உயிர் வந்தது. ஏரிக்கு அப்பால் கலங்கரை விளக்கம் தன் முறைப்படி ஒளிர்ந்து மறைந்துகொண்டிருந்தது. மறுநாள் விடியுமுன் கடலுக்குச் செல்லவேண்டிய சிலர், நிகழ்ச்சி முடியுமுன்னே எழுந்து, கரையோரம் சென்று காற்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.